அச்சகத்து எக்ஸ்பி: டிக் டிக் என்று அடிக்கும் ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

கேள்வி
9 ஜூலை 2023

அப்பா மேலூர் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். பென்டியம் 4, இன்டெல் 845 போர்டு, 512 எம்பி ராம், 80 ஜிபி ஐடிஇ (பழைய பட்டைக் கேபிள்) டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 7. தமிழ் சாப்ட்வேருக்கு பிரின்டர் போர்ட்டில் ஒரு டாங்கிள் செருகியிருக்கிறது, அது இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. போன வாரத்திலிருந்து டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம், பூட் ஆகப் பத்து நிமிடம் ஆகிறது. எக்ஸ்பி சிடி கையில் இருக்கிறது. ஒருமுறை புதிதாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா அண்ணே? ஆடியில் கூழ் ஊற்றும் நோட்டீஸ் தவிர பெரிய வேலை இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டும்.

பதில்
9 ஜூலை 2023, இரவு

சரியாகாது. சத்தம் போடுவது டிஸ்க், விண்டோஸ் இல்லை. அதே டிஸ்க்கில் திரும்பப் போட்டால் பார்மட் நடக்கும்போதே அது படுத்துவிடலாம். வேறு டிஸ்க் வாங்கி அதில் எக்ஸ்பியைப் புதிதாகப் போடுங்கள் தம்பி. டிரைவர், பேஜ்மேக்கர், தமிழ் சாப்ட்வேர் என்று வரிசையாக ஏற்றிவிட்டு, பழைய டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டிக் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வேலை.

10 ஜூலை 2023

நேற்று எழுதியதில் வரிசை தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது.

அச்சகத்துக் கம்ப்யூட்டர் என்றால் இருபது வருடமாக யார் யாரோ ஏற்றிய எழுத்துருக்கள் அதில் கிடக்கும். எது எந்த சிடியிலிருந்து வந்தது என்று அப்பாவுக்கே நினைவிருக்காது. தமிழ் சாப்ட்வேரின் சிடி இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. அது இல்லையென்றால், புதிய எக்ஸ்பியில் உட்கார்ந்துகொண்டு டாங்கிளை வெறித்துப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் முதல் வேலை நகல். புதிதாகப் போடுவது அப்புறம். இன்றே மெஷினை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் விண்டோஸ் அந்த டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். முக்கியமாக, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓடப்போவதாக நீலத் திரையில் நொடிகளை எண்ண ஆரம்பித்தால், அது ஓடுவதற்குள் ஏதாவது விசையைத் தட்டி நிறுத்துங்கள். நல்ல டிஸ்க்குக்கு செக்டிஸ்க் மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது முன்னும் பின்னும் தேய்த்தே கொன்றுவிடும்.

டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇயிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் மாட்டி, லினக்ஸ் ஓடும் வேறு கம்ப்யூட்டரில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு படியெடுக்க வேண்டும். அது முதல் சுற்றில் எளிதாக வருவதையெல்லாம் வாரிக்கொள்ளும். அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகுதான் திரும்பிப் போகும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரண காப்பி பேஸ்ட் ஒரு கெட்ட செக்டரில் (டிஸ்க்கின் சிறு துண்டு) முட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும்.

10 ஜூலை 2023, மாலை

கழற்றுவதற்கு முன் கேபினெட் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள். 25 எழுத்துள்ள கீ அதில்தான் இருக்கிறது, பாதி அழிந்திருக்கும். கம்பெனி மெஷினோடு வந்த கீ, கடையில் தனியாக வாங்கிய சிடிக்குப் பொருந்தாது. பல மெஷின்களுக்கு மொத்தமாக வாங்கும் கீ இரண்டுக்குமே பொருந்தாது. சிடியும் கீயும் ஒரே ஜாதியா என்று இப்போதே பார்த்துக்கொண்டால் பாதி ராத்திரியில் தவிக்க வேண்டாம்.

11 ஜூலை 2023

பழைய விண்டோஸ் 98-ஐ இன்று எப்படிப் போடுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொருத்தமான நாள்தான்: 2006-ல் இதே ஜூலை 11-ல்தான் விண்டோஸ் 98-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது.

நான் கற்றுக்கொண்டதே 98-ல்தான். பூட் பிளாப்பி, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க், பார்மட், அப்புறம் செட்டப். எஃப்டிஸ்க் ஆரம்பத்தில் பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்றால் ஃபேட்32 என்ற கோப்பு முறை. இல்லை என்றால் ஃபேட்16, ஒரு பகுதி 2 ஜிபிக்கு மேல் போகாது. அந்தக் கேள்வியைப் படிக்காமல் தட்டிவிட்டு, 20 ஜிபி டிஸ்க்கைத் துண்டு துண்டாக வைத்திருந்தவர்கள் பலர்.

இன்று 98 போட நினைப்பவர்கள் மூன்று விஷயத்தில் கவனம் வையுங்கள். 64 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை அதோடு வந்த எஃப்டிஸ்க் தப்பாகக் காட்டும், மொத்தத்தில் 64-ஐக் கழித்துவிட்டுச் சொல்லும். 80 ஜிபி டிஸ்க்கில் பத்து ஜிபி சொச்சம்தான் தெரிகிறது என்றால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், இதற்குத் திருத்திய எஃப்டிஸ்க் பிறகு வந்தது. ராம் 512 எம்பிக்கு மேல் இருந்தால், இவ்வளவு நினைவகம் இருந்தும் நினைவகம் போதவில்லை என்று சொல்லி நின்றுபோகும். சிஸ்டம் ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவைக் குறைத்து எழுதினால் பெரும்பாலும் வழிக்கு வரும். மூன்றாவது டிஸ்க் அளவு, 137 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டினால் பிழை என்று எதுவும் சொல்லாமலே கோப்புகளைச் சிதைத்துவிடும்.

அச்சகத்துக்கு வருவோம்.

12 ஜூலை 2023

விண்டோஸ் 11 உள்ள புது கம்ப்யூட்டர் வாங்கி, விர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்) எக்ஸ்பியை ஓட்டலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டாங்கிள் இல்லாவிட்டால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி பாரலல் கேபிள் உண்மையான பிரின்டர் போர்ட் இல்லை. பிரின்டருக்கு மட்டும் அது தபால்காரன். பழைய டாங்கிள் 378 என்ற போர்ட் முகவரியில் மின் கம்பிகளை நேரடியாகத் தட்டிப் பார்த்துப் பதில் கேட்கும். அந்த முகவரியே அந்தக் கேபிளில் கிடையாது. எழுத்துரு வேலைக்கும் பத்திரிகை வேலைக்கும் அப்பா நம்பியிருப்பது அந்த 25 ஊசி போர்ட்டைத்தான். அது உள்ள மெஷினைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

15 ஜூலை 2023

தம்பி தகவல் அனுப்பியிருந்தார். டிடிரெஸ்க்யூ ஒரு ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரையும் ஓடியிருக்கிறது. 80 ஜிபியில் சில நூறு கேபி மட்டும் வரவில்லை. என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தமிழ் சாப்ட்வேரின் சிடி இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 9-ம் தேதி நான் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

புதிய டிஸ்க்காக 120 ஜிபி எஸ்எஸ்டியும், அதை ஐடிஇ கேபிளில் மாட்ட ஒரு சின்ன அடாப்டர் போர்டும் வாங்கச் சொன்னேன். 240-ம் அதே விலைக்குக் கிடைக்கிறதே என்று கேட்டார். வேண்டாம். பழைய ஐடிஇ முறை செக்டர்களை 28 பிட்டில் எண்ணுகிறது. 2-ன் 28-ம் அடுக்கை 512 பைட்டால் பெருக்கினால் 137 ஜிபி. எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1-லிருந்து அந்தத் தடை நீங்கியது என்றாலும், 2002 காலத்து பயாஸ் (மெஷின் ஆனதும் முதலில் ஓடும் போர்டு நிரல்) எல்லாம் அதைத் தாண்டும் என்று நம்பக் கூடாது. 120 அந்த வேலிக்குள்ளேயே இருக்கிறது.

18 ஜூலை 2023

ஆடி 2. நகல் டிஸ்க் பூட் ஆகிவிட்டது. பேஜ்மேக்கர் திறந்தது, டாங்கிள் பேசியது, அப்பா ஒரு பத்திரிகை அடித்துப் பார்த்துவிட்டார்.

ஆனால் எஸ்எஸ்டி போட்டும் மெதுவாக இருக்கிறது, கோப்பு நகலெடுக்கும்போது மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது என்கிறார். இது எனக்குப் பழக்கமான நோய். எக்ஸ்பி ஒரு ஐடிஇ சேனலில் ஆறு முறை பிழை கண்டுவிட்டால், டிஎம்ஏ (டிஸ்க் நேராக நினைவகத்தோடு பேசும் முறை) வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். அதில் ஒவ்வொரு பைட்டையும் பிராசசரே தூக்கிச் சுமக்க வேண்டும். பழைய டிஸ்க் செத்துக்கொண்டிருந்தபோது இந்த இறக்கம் நடந்திருக்கும். அந்தக் குறிப்பு விண்டோஸின் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருப்பதால் நகலோடு சேர்ந்து வந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்து டிஎம்ஏவில் ஆரம்பிக்கும்.

கேபிளையும் பாருங்கள். 40 கம்பி உள்ளதா, 80 கம்பி உள்ள மெல்லிய இழைக் கேபிளா? 80 தான் வேண்டும். நீல முனை மதர்போர்டில், கறுப்பு முனையில் மாஸ்டர் (முதல் டிஸ்க்), நடுவிலுள்ள சாம்பல் நிறத்தில் ஸ்லேவ் (இரண்டாவது).

19 ஜூலை 2023

சரியாகிவிட்டது. கேபிள் 40 கம்பிதான். மாற்றினார், பூட் ஆக ஒரு நிமிடத்துக்குள்.

23 ஜூலை 2023

நகல் ஓடுகிறதே, இனி எக்ஸ்பியைப் புதிதாகப் போடக் கற்றுக்கொள்வானேன் என்று தம்பி கேட்கிறார். போர்டு சாகும் நாளுக்காக. மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் அவை உப்பி, கசிந்து செத்தன. வேறு போர்டு கிடைக்கும்போது இந்த நகலை அப்படியே மாட்டினால் பெரும்பாலும் பிழை காட்டும் நீலத்திரைதான் வரும். ஆடியில் கை சும்மா இருக்கும்போதே ஒத்திகை பார்த்துவிடலாம். பெட்டியில் கிடக்கும் பழைய 40 ஜிபி டிஸ்க் ஒன்றை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிரைவர். எக்ஸ்பி போடுகிற வேலையில் பாதி இதுதான். புதிதாகப் போட்ட எக்ஸ்பிக்கு நெட்வொர்க் கார்டு தெரியாது. அது தெரியாமல் இணையத்திலிருந்து டிரைவர் இறக்க முடியாது. ஆகவே சிப்செட், டிஸ்பிளே, சவுண்ட், நெட்வொர்க் நான்கையும் முன்னதாகவே சிடியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றும்போதும் சிப்செட்தான் முதலில். மதர்போர்டில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று அதுதான் விண்டோஸுக்கு அறிமுகம் செய்கிறது.

பிறகு மற்ற டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். அணைத்து வைத்தால் போதாது, கேபிளையே எடுத்துவிட வேண்டும். 2004-ல் ஒரு வீட்டில் இரண்டு டிஸ்க் உள்ள மெஷினுக்கு எக்ஸ்பி போட்டேன். செட்டப்பின் நீல நிறத் திரையில் பகுதிகளின் பட்டியல் வரும் அல்லவா, டி அழுத்தினால் நீக்கும், எல் அழுத்தினால் உறுதி. இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு. நான் நீக்கியது அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் படங்கள் இருந்த பகுதியை. மீட்பு மென்பொருள் வைத்து முக்கால்வாசி எடுத்துக் கொடுத்தேன். தாலி கட்டும் நேரத்துப் படங்கள் அந்தக் கால்வாசியில் போய்விட்டன. அந்தம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று முதல் இன்று வரை, போடப்போகும் டிஸ்க்கைத் தவிர வேறெதையும் மாட்டி வைத்து நான் செட்டப் ஓட்டியதில்லை.

24 ஜூலை 2023

விட்டுப்போனது: கார்டு ரீடரையும் கழற்றுங்கள். கேபினெட் முகப்பில் நான்கு துளையோடு இருக்குமே, அதை எக்ஸ்பி செட்டப் நான்கு டிரைவாக எண்ணி சி, டி முதலான எழுத்துகளை அதற்குக் கொடுத்துவிடும். விண்டோஸ் போய் எச் டிரைவிலோ ஐ டிரைவிலோ உட்காரும். விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்தைப் பிறகு மாற்ற முடியாது. சி டிரைவில்தான் வேலை செய்வேன் என்று நிற்கும் பழைய மென்பொருள்கள் நிறைய உண்டு.

29 ஜூலை 2023

ஒத்திகை முதல் சுற்று முடிந்ததாம். தம்பி ஒரு இடத்தில் குழம்பியிருக்கிறார், எல்லோரும் குழம்பும் இடம்தான். செட்டப் தொடங்கியதும் ஆர் அழுத்தினால் பழுதுபார்க்கும் என்று ஒரு வரி வரும். அது ரெகவரி கன்சோல், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் இடம். ஏற்கெனவே உள்ள விண்டோஸைக் கோப்புகளும் மென்பொருள்களும் போகாமல் சரிசெய்ய வேண்டுமென்றால் அங்கே என்டர் அழுத்தி, எஃப்8 அழுத்தி ஒப்பந்தத்தை ஏற்று, அடுத்த திரையில் பழைய விண்டோஸைக் காட்டும்போதுதான் ஆர் அழுத்த வேண்டும். இரண்டு ஆர், இரண்டு வேலை.

39 நிமிடம் என்று திரையில் போடுகிறதே, ஒரு மணி நேரம் ஆகிறதே என்றும் கேட்டிருந்தார். ஆகும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

6 ஆகஸ்ட் 2023

தமிழ் பற்றி.

விண்டோஸ் 2000-ல்தான் யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் வந்தன. எக்ஸ்பியிலும் உண்டு, ஆனால் தானாக வேலை செய்யாது. கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ், அதில் லாங்வேஜஸ், அங்கே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். உடனே சிடியைக் கேட்கும். சிடியிலுள்ள ஐ386 கோப்புறையை முதலிலேயே டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தால் ஒவ்வொரு முறையும் சிடியைத் தேட வேண்டாம்.

அச்சகத்தின் பழைய எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலும், 128 முதல் 255 வரையான இடங்களிலும் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பவை. அதனால் அதே பெட்டியில் அட்வான்ஸ்டு பக்கத்திலுள்ள யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழியை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். அதை மாற்றினால் அந்த மேல் இடங்களெல்லாம் வேறு எழுத்துக்குப் போய்விடும், பேஜ்மேக்கரில் பத்து வருடப் பத்திரிகையும் உருக்குலைந்து தெரியும். நகலிலிருந்து விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுதாக எடுத்துத் தனியாக ஒரு சிடியில் எழுதுங்கள். அந்த அச்சகத்தின் உண்மையான சொத்து அதுதான்.

20 ஆகஸ்ட் 2023

ஆவணி பிறந்து வேலை குவிகிறதாம், நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நேரடியாக இறக்க அதில் இணையம் கொடுக்கலாமா என்று கேட்கிறார். கூடாது. 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு எக்ஸ்பிக்கு ஆதரவு கிடையாது. அதோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இன்றைய தளங்களில் பாதியைத் திறக்கக்கூட முடியாமல் திணறும்.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தபோது நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டு, ஓட்டையை அடைக்கும் ஒட்டுக்கோப்பு இறக்கலாம் என்று கேபிளைச் செருகுவேன். அது இறங்குவதற்குள் 60 நொடியில் கணினி அணைக்கப்படும் என்று பெட்டி வந்துவிடும். எதையும் கிளிக் செய்யாமலே தொற்றிய நோய். வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வால் இயல்பாகவே இயங்க ஆரம்பித்தது 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2-லிருந்துதான். வாட்ஸ்அப் படத்தை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டு வாருங்கள். அந்தப் பென் டிரைவை அச்சகத்தைத் தவிர வேறெங்கும் செருகாதீர்கள்.

15 நவம்பர் 2023

மூன்று மாதம் கழித்து இந்தப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. தீபாவளிக்கு மூன்று நாள் அச்சகத்தைப் பூட்டியிருக்கிறார்கள். நேற்று வந்து திறந்தால் தேதி 2002 ஜனவரி 1. தமிழ் சாப்ட்வேர் டாங்கிளைக் காணவில்லை என்கிறது. டாங்கிள் போய்விட்டது என்று அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம்.

டாங்கிள் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 வட்ட பேட்டரி போயிருக்கும். வழக்கமாக அணைத்தாலும் மெயின் சுவிட்ச் ஆனில்தானே இருக்கும்? அந்தக் கரண்டிலேயே பயாஸ் நினைவு தங்கிவிடும், பேட்டரி செத்தது வெளியே தெரியாது. பண்டிகைக்கு மெயினை அணைத்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பிரின்டர் போர்ட்டின் முறையும் அதில் சேர்த்தி. எஸ்பிபி, இபிபி, இசிபி என்று மூன்று இயங்கு முறைகள் இருக்கும், பழைய டாங்கிள்கள் சில ஒன்றில்தான் பேசும்.

ஜூலையில் ஸ்டிக்கரைப் படம் எடுக்கச் சொன்னேன், கேபிளைச் சொன்னேன், பயாஸ் திரைகளைப் படம் எடுக்கச் சொல்லவில்லை. அது என் பிழை, மன்னியுங்கள். பேட்டரியை மாற்றிவிட்டு, மூன்று முறையையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். போர்ட் முகவரி 378 என்றே இருக்கட்டும்.

15 நவம்பர் 2023, இரவு

இபிபியில் பேசிவிட்டது! அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று செய்தி.

3 டிசம்பர் 2023

தம்பிக்கு இரண்டாவது மெஷின் கிடைத்திருக்கிறது. கோர் 2 டுவோ, கேபினெட்டில் அதற்கென்றே எக்ஸ்பி ஸ்டிக்கர் இருக்கிறது. பின்புறம் பிரின்டர் போர்ட் இல்லை, ஆனால் போர்டில் எல்பிடி என்று எழுதிய 26 ஊசி இடம் இருக்கிறதாம். அதற்கு ஒரு பிராக்கெட் கேபிள் கிடைக்கும், ஆனால் ஊசி வரிசை போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவல் பார்த்து வாங்குங்கள்.

செட்டப்பில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லி நிற்கிறது என்றார். டிஸ்க் இருக்கிறது. பயாஸில் சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த டிஸ்க் இணைப்பு) முறை ஏஎச்சிஐ என்று இருக்கும், எக்ஸ்பி சிடிக்கு அந்த மொழி தெரியாது. எஃப்6 அழுத்தி பிளாப்பியில் டிரைவர் கொடுப்பதுதான் முறையான வழி. பிளாப்பிக்கு இப்போது எங்கே போவது? சாட்டா முறையை ஐடிஇ என்று மாற்றிவிட்டுப் போடுங்கள். ஆனால் அதன் பிறகு அந்த அமைப்பைத் தொடவே கூடாது. திரும்ப ஏஎச்சிஐக்கு மாற்றினால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும்.

இந்த முறை பயாஸ் திரை ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாராம்.

10 டிசம்பர் 2023

புது எக்ஸ்பி ஓடுகிறது. ஆடியில் எழுதிய டிரைவர் சிடியில் சிப்செட், நெட்வொர்க் எதுவும் இந்தப் போர்டுக்குப் பொருந்தவில்லை, நான்கையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. ஃபான்ட்ஸ் சிடி அப்படியே பயன்பட்டது. பிராக்கெட் கேபிள் வந்துவிட்டது. தமிழ் சாப்ட்வேருக்கு சிடி இல்லாததால், நகலிலிருந்து அதன் கோப்புறையையும் ரெஜிஸ்ட்ரியில் அதன் கிளையையும் எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டாங்கிளின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். தை முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை பழைய மெஷினே ஓடட்டும். என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள் தம்பி.